அரசன் பெயர் ஆண்டுக்கு மட்டும்

அதியமான் பெருவழியின் காதக்கல் தருமபுரிப் பக்கம் கிடைத்திருக்கிறது. எழுநூறு, எண்ணூறு ஆண்டுக்கு முந்தைய சாலைக் கல். நாவற்தாவளத்துக்கு 29 காதம் என்று அதில் எழுத்தால் வெட்டியிருக்கிறார்கள். அதையே தமிழ் எண்குறியாலும் வெட்டியிருக்கிறார்கள். அதோடு நிற்கவில்லை. பெரிய குழி இரண்டு, சிறிய குழி ஒன்பது என்று கல்லைக் குடைந்தும் வைத்திருக்கிறார்கள். பெரிய குழி பத்துக்கு, சிறியது ஒன்றுக்கு. எழுத்து தெரியாத பொதிமாட்டுக்காரரும் எண் தெரியாத கூலியாளும் அந்தி மங்கிய நேரத்தில் விரலால் தடவியே இன்னும் எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொண்டு நடந்திருப்பார்கள்.

கல் வெட்டியவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்: இந்த வழியில் போகிறவர்களில் பாதிப் பேர் படிக்காதவர்கள், அவர்களுக்கும் ஒன்று போடு. என்ன எழுதுவது என்பதைவிட யார் வந்து நிற்பார்கள் என்பதை முதலில் யோசித்திருக்கிறார்கள்.

*

எங்கள் பக்கம் ஓர் ஊராட்சியில் ஏரிக்கரையை ஒட்டி மரபுப் பூங்கா போடுவதாகப் பேச்சு. நடைபாதை, வேப்பங்கன்று, உடற்பயிற்சிக் கருவிகள், நடுவே சிலைகள். சிலைகளுக்கான பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தது. ஏர் பிடிக்கும் உழவர், குடம் சுமக்கும் பெண், மயில், காளை, அதியமானும் ஔவையும், திருவள்ளுவர், ஒகேனக்கல் அருவியின் மாதிரி, கடைசியில் செல்ஃபி எடுத்துக்கொள்ள ஊர்ப்பெயர் எழுத்துகள். அனுப்பிய தம்பி கீழே எழுதியிருந்தான்: "ண்ணா, எதாச்சும் வுட்டுப்போச்சுன்னா சொல்லுங்க."

விட்டுப்போனதாக எதையும் சொல்ல முடியவில்லை. எந்தப் பூங்காவுக்கும் பொருந்தும் பட்டியல். அருவியை எடுத்துவிட்டால் அப்படியே திண்டிவனத்துக்கும் அனுப்பலாம், திருமங்கலத்துக்கும் அனுப்பலாம். ஊர்ப்பெயரை மாற்றி எழுதினால் போதும்.

அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்ததுதான் இந்தக் குறிப்புகள்.

*

நடுகல் நிறைந்த பகுதி இது. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மூன்றிலும் வயல் வரப்பில், ஏரிக்கரையில், புளியமரத்தடியில் நிற்கின்றன. தமிழகத் தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்று ஒரு நூலே வெளியிட்டது. பதிப்பாசிரியர் இரா. நாகசாமி. அதைப் புரட்டும்போதெல்லாம் கல்வெட்டுகளின் வாக்கிய அமைப்பில் மனம் நின்றுவிடும்.

முதலில் அரசன் பெயர், அவனுடைய எத்தனையாவது ஆட்சியாண்டு என்ற கணக்கு. அடுத்து அந்தப் பகுதித் தலைவன் யார். பிறகு ஊர். பிறகுதான் விஷயம்: இன்னாருடைய மகன் அல்லது சேவகன் இன்னான், மாட்டு மந்தையைக் கள்வர் ஓட்டிக்கொண்டு போனபோது மீட்டுப் பட்டான், அவன் கல் இது.

பல்லவப் பேரரசன் அங்கே வருவது நாள் குறிக்க. நாம் காலண்டரில் தேதி பார்ப்பதற்கு மேல் அவனுக்கு அங்கே வேலை இல்லை. அவன் ஆண்ட காலத்தில் இது நடந்தது, அவ்வளவுதான். கல்லில் உருவமாக நிற்கிறவன் மாடு மேய்த்தவன். இடது கையில் வில், வலது கையில் வாள், உடம்பில் தைத்த அம்புகள், காலடியில் கெண்டி.

இன்று நாம் போடும் பூங்காக்களில் இது தலைகீழ். மன்னர் பீடத்தின்மேல் நிற்கிறார். மாடு மேய்த்தவர் 'கிராமிய வாழ்க்கை' என்ற பெயரில், பெயரில்லாத சிமென்ட் பொம்மையாக, பெயின்ட் உரிந்து ஓரமாக நிற்கிறார்.

*

எடுத்தனூர்க் கல்லைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். திருவண்ணாமலை மாவட்டம், நமக்குப் பக்கம்தான். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கப் போய் இறந்தான். கல்லில் அவனோடு ஒரு நாயும் இருக்கிறது. அதன் பெயர் கோவிவன். அது இரண்டு கள்வரைக் கடித்துக் காவலிருந்தது என்று எழுதியிருக்கிறார்கள்.

ஏழாம் நூற்றாண்டில் ஒரு சிற்றூர், அரசன் பெயரை வெட்டிய அதே உளியால் ஒரு நாயின் பெயரையும் வெட்டியிருக்கிறது. நாய் விசுவாசமுள்ளது என்ற பொதுவான பாராட்டு அதில் கிடையாது. எத்தனை பேரைக் கடித்தது என்ற கணக்கு இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கே கல் நட்டிருக்கிறார்கள்.

'வீரம்', 'தியாகம்', 'பெருமை' என்று தலைப்பு வைத்துக்கொண்டு சிற்பியிடம் போனால் அவரும் என்னதான் செய்வார்? கையை உயர்த்திய ஓர் ஆள் வருவார். இரண்டு கள்வரைக் கடித்த நாய் என்று சொன்னால் நாயின் கழுத்து எப்படித் திரும்ப வேண்டும் என்று யோசிக்க அவருக்கு வேலை இருக்கிறது. தம்பிக்கு எழுதினேன்: சிலைக்குத் தலைப்பு கொடுக்காதே, நடந்ததைக் கொடு. யார், எங்கே, என்ன செய்தார். இந்த மூன்றும் இல்லாதது எதுவாக இருந்தாலும் பட்டியலிலிருந்து அடித்துவிடு.

*

நடுகல்லையெல்லாம் பெயர்த்துக்கொண்டு வந்து பூங்காவில் வரிசையாக நிறுத்தலாமே என்று ஒரு யோசனையும் வந்தது. கூடாது.

அரூர்ப் பக்கம் ஒரு கொல்லையில் மைப்படி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். முதலில் கல்லைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினார்கள். பல வருட எண்ணெயும் மஞ்சளும் கரைந்து பழுப்பாக ஓடியது. ஈரத் தாளைக் கல்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கினார்கள். காய்ந்து வரும்போது மை தொட்ட ஒத்தியால் ஒற்ற, கருப்புக்கு நடுவே வட்டெழுத்து வெள்ளையாக ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. தாளை உரித்து எடுத்து எல்லோரும் அதைச் சூழ்ந்து நின்றபோது, கொல்லைக்காரப் பாட்டி கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா சார், சாமியக் குளிப்பாட்டிட்டு அப்பிடியே வுட்டுட்டுப் போறீங்க? மஞ்சா யாரு பூசறது?"

"சாமி பேரு கல்லுல இருக்குது பாட்டி, அதைத்தான் படிக்கிறோம்."

"வேடியப்பன். அதப் படிச்சுத்தான் தெரிஞ்சிக்கணுமா?"

எங்கள் பக்கம் நடுகற்கள் பலவும் இன்று வேடியப்பன்தான். செத்தவனின் சொந்தப் பெயர் மஞ்சளுக்கு அடியில் இருக்கிறது. அவனுக்குப் பொங்கல் வைக்கும் குடும்பங்களுக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை, கல் தேவைப்படுகிறது. மஞ்சள் பூசுவது கல்லைக் கெடுக்கிறது என்பார்கள் ஆய்வாளர்கள். அதுவும் உண்மைதான். ஆனால் மஞ்சள் பூச ஆளில்லாத கற்கள் துவைகல்லாகவும் வாய்க்கால் பாலமாகவும் போயின என்பதும் உண்மை. கும்பிடப்படுகிற கல்லை அது நிற்கும் இடத்திலேயே விடுவதுதான் நல்லது. பூங்காவுக்கு வேண்டியது புதிய கல். பழைய கல்லிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அது பேசும் முறையை.

*

அதியமான் இல்லாமல் இந்த மாவட்டத்தில் பூங்கா வைக்க முடியாது; வைக்கவும் வேண்டாம். இன்றைய தருமபுரியான தகடூர் அவனுடைய ஊர். அதியமான்கோட்டையில் அதியமான் கோட்டமே இருக்கிறது. அங்கே அவனும் ஔவையும் சிலையாக இருக்கிறார்கள். கல்யாண மண்டபத்து வாசல் ஓவியத்திலிருந்து பள்ளி ஆண்டுவிழா மேடைவரை அவர்கள் எங்கே வந்தாலும் நடுவில் ஒரு நெல்லிக்கனி இருக்கும்.

அந்த ஔவையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். நரைத்த தலை, கையில் கோல், நெற்றியில் திருநீறு. 1953இல் ஜெமினி எடுத்த 'ஔவையார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாள் வந்து நின்ற பிறகு நம் எல்லோருக்கும் ஔவை என்றால் அந்த முகம்தான். 1968இல் சென்னைக் கடற்கரையில் நிறுத்திய சிலையும் முதிய ஔவையே. சங்கப் பாடல்களில் அதியமானோடு பேசும் ஔவை வேறு ஆள். கள் குடித்தவர், போர்க்களத்தைத் தெரிந்தவர், அரசனிடம் கோபித்துக்கொண்டவர், தூது போனவர். ஆத்திசூடி ஔவை பல நூற்றாண்டு கழித்து வந்தவர். பூங்காவில் இருவரையும் ஒரே சேலையில் சுற்றி நிறுத்திவிடுகிறோம்.

சிற்பத்துக்கு எத்தனை காட்சிகளைப் புறநானூறு வைத்திருக்கிறது! தொண்டைமானிடம் ஔவை தூது போகிறார். அவன் தன் ஆயுதசாலையைப் பெருமையாகக் காட்டுகிறான். நெய் பூசி, மாலை சூட்டி, மயிற்பீலி அணிந்து பளபளவென்று அடுக்கியிருக்கும் வேல்கள். ஔவை புகழ்கிறார். புகழ்ந்துவிட்டு, எங்கள் ஆளுடைய வேல்களோ முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். இதைச் செய்ய அரண்மனை தேவையில்லை. ஓலைக்கூரைப் பட்டறை, துருத்தி, சுவரில் சாய்த்து வைத்த முனை மழுங்கிய வேல்கள் போதும். அதியமானே காட்சியில் இல்லை. ஆனால் அவனைப் பற்றி இதைவிட அதிகம் சொல்ல முடியாது. பட்டறை வைத்திருக்கும் நம்மூர் ஆசாரிகளை வைத்தே அந்த வேல்களை அடிக்கலாம். வேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இன்னொன்று அவன் இறந்த பிறகு ஔவை பாடியது. கொஞ்சம் கள் இருந்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறைய இருந்தால் நாங்கள் பாட அவனும் சேர்ந்து குடிப்பான் என்று தொடங்குகிற பாட்டு. புலால் நாறும் என் தலையை நரந்த மணம் வீசும் கையால் தடவிக் கொடுப்பானே என்று அதில் அழுகிறார். அரசனும் புலவரும் ஒரே சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சிலை. நான் கேட்டால் இதைத்தான் கேட்பேன். ஊராட்சிக் கூட்டத்தில் இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். மதுவிலக்கு பேசும் கட்சிகள் எல்லாம் ஒரே மேடைக்கு வந்துவிடும். நெல்லிக்கனியே இருக்கட்டும் என்பார்கள்.

*

அதியமானுக்கும் நடுகல் நட்டார்கள். அதைப் பாடியவரும் ஔவையே. பீலி சூட்டி, சின்னக் கலத்தில் நாரால் வடித்த கள் ஊற்றுகிறார்கள். மலையோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் வேண்டாம் என்றிருப்பானே, இந்தச் சின்னக் கலத்தை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார்.

நினைவுச் சின்னம் எழுப்பிய அன்றே அதன் பக்கத்தில் நின்று ஒருவர் இதைக் கேட்டிருக்கிறார். நாம் வைக்கும் சிலைக்கு முன்னால் கேட்கக்கூடிய கடினமான கேள்வி இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த ஊரில் கேட்கப்பட்டுவிட்டது. நாம் இன்னும் பீடத்தின் உயரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

*

அதியமான் பெயர் தாங்கிய மிகப் பழைய கல் தருமபுரியில் இல்லை. தென்பெண்ணை ஓரம் திருக்கோவிலூருக்குப் பக்கத்தில் ஜம்பையில் இருக்கிறது. 1981இல் கண்டுபிடித்தார்கள். அசோகன் தன் கல்வெட்டில் சொன்ன சதியபுத்திரர் யார் என்ற நீண்ட நாள் வழக்கு அந்த ஒற்றை வரியால் தீர்ந்தது. தமிழ்ப் பிராமி எழுத்தில், சதியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி என்று பெயரைச் சொல்லி, அவன் கொடுத்த தங்குமிடம் இது என்கிறது அந்த வரி. வென்ற நாட்டுக் கணக்கு எதுவும் அதில் இல்லை. துறவிகள் வெயிலுக்கு ஒதுங்கிப் படுக்க ஓர் இடம் கொடுத்திருக்கிறான். அதை எழுதி வைத்தார்கள்.

இதைப் படித்த பிறகு எனக்குச் சிலையைவிடத் திண்ணைமேல் ஆசை வந்துவிட்டது. நல்ல அகலமான கல் திண்ணை, வேம்பின் நிழலில். பக்கவாட்டில் ஜம்பை எழுத்துகளை அப்படியே வெட்டி, கீழே இன்றைய எழுத்தில் படிக்கும்படி. அதியமானைப் பார்க்க வந்தவர் அதியமான் கொடுத்ததில் உட்காரட்டும்.

*

உட்காரும் இடம் என்றதும் சுமைதாங்கி நினைவுக்கு வருகிறது. இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல் கிடத்தியிருக்கும். தலைச்சுமைக்காரர் யாருடைய உதவியுமின்றிச் சுமையை இறக்கி வைக்கவும் திரும்ப ஏற்றிக்கொள்ளவும் தோதான உயரம். பலவும் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இறந்துபோன பெண்ணின் நினைவாக வைத்தவை. இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்கு ஈடாக, வழியில் போகிறவர்களின் சுமையை அவள் பெயரால் இறக்கி வைப்பது.

மேற்கத்திய நாடுகளில் பொதுவெளிக் கலை பயன்பட வேண்டுமா, பார்க்க மட்டுமா என்று பக்கம் பக்கமாக விவாதித்திருக்கிறார்கள். நம் ஊரில் யாரோ ஒரு தகப்பனும் கல்தச்சனும் சேர்ந்து, துக்கத்தை இடுப்புக்கு மேலான உயரத்தில் ஒரு பலகைக் கல்லாக வைத்து முடித்துவிட்டார்கள்.

சாலை அகலப்படுத்தியபோது எத்தனையோ சுமைதாங்கிகள் போய்விட்டன. தலைச்சுமையும் குறைந்துவிட்டது, எல்லாம் டி.வி.எஸ். எக்ஸெல் வண்டியில் போகிறது. பூங்காவில் இன்று சுமைதாங்கி வைத்தால் அதில் எதை இறக்குவார்கள்? குழந்தையைத் தோளிலிருந்து இறக்கி உட்கார வைப்பார்கள். பள்ளிப் பையை வைப்பார்கள். அது போதும். பெயர் மட்டும் வேண்டும். மாவட்டத்தில் பேறுகாலத்தில் இறந்த ஒரு பெண்ணின் பெயரை, அவள் வீட்டார் சம்மதித்தால்.

*

குடம் சுமக்கும் பெண் பட்டியலில் இரண்டாவதாக இருந்தாள். இந்த மாவட்டத்தில் அந்தச் சிலையை வைக்கிறவர்கள் தண்ணீரைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். என் வயதுக்காரர்கள் பலர் சிரிக்கும்போது முன்பல்லில் குறுக்காகப் பழுப்புக் கோடு தெரியும். வெற்றிலைக் கறை என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். பால் பல் விழுந்து முளைக்கும் பல் எலும்புக்குள்ளேயே உருவாகும் நாளில் குடித்த தண்ணீர் அது, தேய்த்தால் போகாது. சிலருக்கு முட்டி வளைந்தது, முதுகு விறைத்தது. ஜப்பான் நிதி உதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தடுப்புத் திட்டம் வந்து 2013இல் காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது.

ஒகேனக்கல் அருவியின் சிமென்ட் மாதிரியை வைப்பதற்குப் பதில், அந்தத் தண்ணீர் வரும் ஒரு குழாயையே வைக்கலாம். குழாய்க்குப் பின்னால் இருக்கும் சுவரில், பக்கத்து ஊர்களில் முன்பு எந்தக் கிணறு, எந்தக் கைப்பம்பு, அதில் என்ன தண்ணீர் என்று மண் ஓட்டில் எழுதிப் பதிக்கலாம். தாகத்துக்கு வருகிறவர்கள் குடித்துக்கொண்டே படிப்பார்கள். குடம் சுமக்கும் பெண்ணின் இடுப்பு வளைவைச் சிற்பி அழகாகச் செய்துவிடுவார் என்பதுதான் என் கவலை.

*

பாப்பாரப்பட்டியில் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23 அன்று இறந்தார். சிறையில் வந்த தொழுநோய். நோயைக் காட்டி ரயிலில் ஏற விடாதபோது நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போனவர். பாரதமாதாவுக்கு இங்கே ஆலயம் கட்ட நினைத்தார், 1923இல் சி.ஆர். தாஸ் வந்து அடிக்கல் வைத்தார். சிவா இருந்தவரை ஆலயம் எழவில்லை. கோபாலபுரத்தில் அவர் பெயரில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பை முதலில் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று ஔவை பாடியதோடு இது சேர்ந்துகொள்வது தற்செயல்தான். இருந்தாலும் நன்றாக இருக்கிறது.

அவருக்குச் சிலை வைத்தால் மார்பளவுச் சிலை வேண்டாம். நடந்த கால்களை விட்டுவிட்டு மேல்பாதியை மட்டும் வைப்பதில் என்ன நியாயம்?

*

துரியோதனன் படுகளம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவின் கடைசி நாளில் மண்ணால் துரியோதனனைப் படுத்த கோலத்தில் செய்வார்கள். பல அடி நீளம். முகத்துக்கு வண்ணம், மீசை, கிரீடம், விழித்த கண். இரவெல்லாம் கூத்து ஆடிய பீமன் வேடக்காரர் பகல் வெளிச்சத்தில், அரிதாரம் வியர்வையில் வழிய, அந்த மண் உடம்பைச் சுற்றி ஓடித் தொடையில் அடிப்பார். உள்ளே புதைத்து வைத்த சிவப்புத் தண்ணீர் பீறிடும். திரௌபதி கூந்தல் முடிப்பாள். முடிந்ததும் கூட்டம் பாய்ந்து அந்த மண்ணைக் கைநிறைய அள்ளும். குதிரில் போட, வயலில் தூவ, குழந்தை நெற்றியில் வைக்க. சாயங்காலத்துக்குள் துரியோதனன் மேடாகிப் போவான்.

பல வருடங்களாகப் பார்க்கிறேன். ஒரு வருடத்து முகம் இன்னொரு வருடம் வராது. செய்கிறவர்கள் சிற்பக் கல்லூரிப் பக்கம் போகாதவர்கள். ஒரே நாளில் கலையப்போகிற கண்ணுக்கு இமை மயிர்வரை வரைகிறார்கள்.

பூங்காவில் எல்லாம் கருங்கல்லாகவும் ஃபைபராகவும்தான் இருக்க வேண்டுமா? ஓர் இடத்தை மண்ணுக்கு ஒதுக்கலாம். சுற்றிலும் மேடு கட்டி, நடுவில் களம். வருடத்துக்கு ஒருமுறை எந்த ஊர்க் கூத்துக்குழு கேட்கிறதோ அவர்களுக்கு. மற்ற நாட்களில் பையன்கள் கிரிக்கெட் ஆடட்டும். டெண்டரில் இதற்குத் தலைப்பு கிடையாது என்பதுதான் சிக்கல். 'சிலை, எண்ணிக்கை 1, உயரம் 6 அடி' என்று எழுதத் தெரிந்த படிவத்துக்கு, வருடா வருடம் செய்து வருடா வருடம் உடைப்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

*

வாச்சாத்தியை எழுதாமல் இந்த மாவட்டத்தின் நினைவைப் பற்றிப் பேசக் கூடாது. அரூர் வட்டம், சித்தேரி மலை அடிவாரம். 1992 ஜூன் 20. சந்தன மரம் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஊருக்குள் நுழைந்தன. ஊர் மக்களை ஆலமரத்தடியில் கூட்டினார்கள். பதினெட்டுப் பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வழக்கு பத்தொன்பது ஆண்டு நடந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோக, மீதி 215 பேருக்கும் 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. மேல்முறையீடுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் அதே செப்டம்பர் 29ஆம் தேதி தள்ளுபடி செய்தது.

நடுகல் மரபின் இலக்கணப்படி பார்த்தால் இதைவிடக் கல்லுக்குரிய செய்தி எது? ஊர் சூறையாடப்பட்டது, எதிர்த்து நின்றார்கள், முப்பது ஆண்டு பின்வாங்கவில்லை, வென்றார்கள். பெயர் இருக்கிறது, இடம் இருக்கிறது, நாள் இருக்கிறது.

எழுதிவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். இதை ஒரு பூங்காவின் கருப்பொருளாகப் பரிந்துரைக்க நான் யார்? ஞாயிற்றுக்கிழமை ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு வருகிறவர்கள் பார்க்கும் இடத்தில் அந்தப் பெண்களின் நாளை நிறுத்தலாமா, எப்படி நிறுத்தலாம், நிறுத்தவே கூடாதா என்பதை அவர்கள் சொல்ல வேண்டும். கேட்கக்கூடப் போகாமல், அரசுப் பூங்காவில் அரசின் குற்றத்தை எப்படி வைப்பது என்று நாமாகவே கணக்குப் போட்டு விட்டுவிடுவது வேறு. அது கோழைத்தனம். கருப்பொருள் தேர்வுக் குழு என்று ஒன்று போட்டால், அதில் பாதி நாற்காலி கேட்கப் போகிறவர்களுக்கு இருக்கட்டும்.

*

மாயா லின் என்ற மாணவிக்கு 1981இல் வயது 21. வியட்நாம் போரில் இறந்த அமெரிக்கர்களுக்கு வாஷிங்டனில் எழுப்பும் நினைவிடத்துக்கான போட்டியில் அவருடைய வடிவமைப்பு தேர்வானது. சிலை இல்லை, கொடி இல்லை, தளபதி இல்லை. தரைக்குள் இறங்கும் கருங்கல் சுவர், அதில் பெயர்கள். பெரிய மனிதர்கள் பலர் எதிர்த்தார்கள். கறுப்புக் கல் அவமானம் என்றார்கள். அடுத்த ஆண்டு திறந்தார்கள். இன்று அதில் 58,000க்கு மேல் பெயர்கள். பதவி வரிசையோ அகரவரிசையோ இல்லாமல், இறந்த நாள் வரிசையில். உறவினர்கள் வந்து பெயரை விரலால் தடவுகிறார்கள். தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பெயரை எடுத்துக்கொண்டு போகிறார்கள். நம் மைப்படியின் சின்னத் தம்பி.

அந்தக் கருங்கல் பெங்களூரிலிருந்து போனது. தருமபுரியிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். இங்கிருந்து கட்டட வேலைக்கு வாரா வாரம் போகிறார்கள். அவர்களில் சாரத்திலிருந்து விழுந்து இறந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஊருக்கு உடல் வரும், ஒரு ஃபிளெக்ஸ் வைப்பார்கள், மழையில் கிழியும்.

*

தம்பிக்குக் கடைசியாக எழுதியது கல்வெட்டைப் பற்றி. பூங்கா திறக்கும்போது ஒரு கல் வரும், அதைத் தடுக்க முடியாது. திறந்து வைத்தவர், தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, ஒப்பந்ததாரர். எழுத்துக் கணக்கில் கூலி பேசுகிற வேலை அது. எங்கள் பகுதியில் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் சிலையின் கீழே சிலை யார் என்று ஒரு வரியும், திறந்தவர்கள் யார் என்று இருபது வரியும் இருக்கும்.

நடுகல் முறையில் எழுதிப் பார்க்கச் சொன்னேன். திறப்பவர் பெயர் கண்டிப்பாக முதலில் வரட்டும். அரசன் பெயரும் முதலில்தான் வந்தது. இன்னார் அமைச்சராக, இன்னார் ஆட்சியராக இருந்த இந்த ஆண்டில் என்று ஒரே வரி. அதே அளவு எழுத்தில் அடுத்து ஊர். அதற்கு அடுத்து, பெங்களூரில் பதினோராம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தவரோ, ஃபுளோரைடு கிணற்றை மூடச் சொல்லி மனு எழுதிக்கொண்டே இருந்தவரோ, அவர் பெயர், அவர் செய்தது. கீழே குழிகள்: எத்தனை வயதில் போனார் என்பதற்குப் பெரிய குழியும் சின்னக் குழியும்.

மறுநாள் பதில் வந்தது. "ண்ணா, கல்லு அடிக்கிறவரு கேக்கறாரு, குழிக்கும் எழுத்துக் கூலிதானா, இல்ல அதுக்குத் தனி ரேட்டான்னு."